சும்மா இருப்பவர் யார்? கொல்லிப்பாவையும் உலக்கையும்

1

தமிழில் தொடர்ந்து எழுதப்பட்டுவரும் ஒரு வகை எழுத்துக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள். எழுதுகிறவர் தனியாக இருப்பார். காலையில் தானே காப்பி போட்டுக் குடிப்பார். கொல்லைப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். பவழமல்லி உதிர்ந்து கிடக்கும். ஓர் அணில் வரும். மத்தியானம் லேசாகத் தூறும். பாதி படித்த புத்தகம் மடியிலேயே கிடக்கும். சாயங்காலம் ஆனதும், இப்படி ஒரு நாள் கிடைத்து எவ்வளவு காலமாயிற்று என்ற பெருமூச்சோடு பிரதி முடிந்துவிடும். கவிதையில் உண்டு, பத்தி எழுத்தில் உண்டு, நாவல்களின் நடு அத்தியாயங்களில் உண்டு. வசதிக்காக இதைத் 'தனிநாள் எழுத்து' என்று வைத்துக்கொள்வோம்.

இதற்கு நம்மிடையே இரண்டு எதிர்வினைகள்தான். ஒன்று, ரசனை விமர்சனம் வழக்கமாக எடுத்து நீட்டும் சொற்கள்: நுட்பம், மௌனம், அகவெளி. இன்னொன்று, முற்போக்கு விமர்சனத்தின் முகச்சுளிப்பு: மத்தியதர வர்க்கத்துச் சொகுசு, சமூகப் பொறுப்பின்மை, அவ்வளவுதான், பக்கத்தைப் புரட்டு. முதல் தரப்பு, அந்த நாள் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. இரண்டாம் தரப்பு, அந்த நாள் ஏன் எல்லோருக்கும் வரக்கூடாது என்று கேட்பதில்லை. கறாராகச் சொன்னால் இரண்டு பேருமே பிரதியை வாசிப்பதில்லை.

இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்பதற்குச் செம்மேடு பொருத்தமான இடம். கொல்லிமலையின் நடுவில், ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் பெரும்பாலோர் அங்கே போகிறார்கள். இன்றைக்கு அந்த மலை சமவெளிக்காரர்களுக்கு 'அமைதி'யாக விற்கப்படுகிறது. சனி ஞாயிறு தங்கி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு இறங்கலாம். தமிழ் இலக்கியத்தின் மிகப் பழைய அசைவற்ற பெண்ணுருவான கொல்லிப்பாவை நிற்பதும் இந்த மலையில்தான். அந்தப் பாவையின் பக்கத்திலேயே ஓர் உரலும் உலக்கையும் இருக்கின்றன. அதைத்தான் நாம் பார்க்கத் தவறிவிட்டோம்.

2

முதலில் 'சும்மா' என்கிற சொல். தமிழில் இதைப்போல அடிபட்ட சொல் வேறு இல்லை. 18ஆம் நூற்றாண்டுத் தாயுமானவர், சும்மா இருப்பதைப் பேரின்பமாகப் பேசினார். அவர் திருச்சி நாயக்க அரசில் உத்தியோகம் பார்த்து, அதை உதறியவர் என்று அவர் வரலாறு சொல்லும். கணக்கும் ஓலையும் போனபிறகு, மனமும் ஓய வேண்டும். அதுதான் கஷ்டம், அதுதான் சாதனை. இது ஒரு சும்மா. துறந்து சம்பாதிப்பது.

இன்னொரு சும்மா தெருவில் கிடக்கிறது. "உங்க வீட்டுல என்ன பண்றாங்க?" "வேலைக்கெல்லாம் போகலைங்க, சும்மாதான் இருக்காங்க." காலை அஞ்சு மணிக்கு எழுந்து ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கவிழ்த்து வைக்கிறவளைப் பற்றிச் சொல்லப்படும் வாக்கியம் இது. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். 2019இல் இது 299க்கு 97ஆக இருந்தது. அந்த 2019 கணக்கின்படி, வீட்டுவேலையில் கை வைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்கள் 81 பேர். ஐந்தாண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களுக்கு ஒன்பது நிமிடம் குறைந்தது. சமத்துவம் இப்படித்தான் நடக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டுவேலை பார்க்கும் பெண்களை 'வேலை செய்யாதோர்' பட்டியலில், பிச்சைக்காரர்களோடும் சிறைக்கைதிகளோடும் சேர்த்துவைத்திருந்ததை 2010இல் உச்சநீதிமன்றமே கண்டித்தது. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. சட்டத்தின் சொல்லாடலில் 'சும்மா' என்பதன் பொருள் மெதுவாக இடம்பெயர்கிறது. இலக்கியத்தில்?

தனிநாள் எழுத்தின் முதல் வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள்: 'எல்லோரும் ஊருக்குப் போயிருக்கிறார்கள்.' இதை ஓர் ஆண் எழுதும்போது, ஊருக்குப் போனவள் போகுமுன் மாவு அரைத்து ஃபிரிட்ஜில் வைத்திருப்பாள், ரசப்பொடி எந்த டப்பாவில் என்று சொல்லியிருப்பாள், துவைத்த துணியை மடித்து வைத்திருப்பாள். அவன் தனிமை முன்கூட்டியே சமைத்து வைக்கப்பட்டது. இதே வாக்கியத்தை ஒரு பெண் எழுதும்போது, அன்றைக்கு அந்த 289 நிமிடத்தின் பெரும்பகுதி கீழே இறக்கிவைக்கப்படுகிறது. முன்னது சேவை நின்றுபோகாமலேயே கிடைத்த மௌனம். பின்னது வேலைநிறுத்தம். ஒரே வாக்கியம், எதிரெதிரான இரண்டு பிரதிகள். இரண்டையும் ஒரே 'அகவெளி'க்குள் அடைக்கிற விமர்சனத்தை என்ன சொல்ல?

பிரெஞ்சுக்காரரான பாஷ்லார், 1957இல் எழுதிய 'வெளியின் கவிதையியல்' என்ற நூலில், வீடு கனவு காண்பவரைக் காக்கும் கூடு என்று அழகாக விவரிக்கிறார். மெழுகு போட்டு மேஜை நாற்காலிகளைத் துடைக்கும் வேலையைக்கூட, பொருள்களை விழிக்கவைக்கும் கவித்துவச் செயலாக மாற்றிவிடுகிறார். படிக்க இதமாகத்தான் இருக்கிறது. துடைக்கிறவளுக்கும் அந்தக் கூட்டில் கனவு காண ஒரு மூலை உண்டா என்ற கேள்வி மட்டும் அங்கே எழுவதில்லை. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' 1988இல் தொகுப்பாக வந்தபோது தமிழில் செய்தது இந்தத் தலைகீழாக்கத்தைத்தான். வீட்டின் வரைபடத்தை அது சமையலறையிலிருந்து வரைந்தது. அப்படி வரைந்தால் தோட்டம் ஜன்னல் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

3

இப்போது கொல்லிக்கு வருவோம். சங்கப் பாடல்களில் கொல்லிப்பாவை தெய்வம் எழுதிய உருவம். நற்றிணை 201இல் பரணர் சொல்கிறபடி, காற்று மோதினாலும் மழை கொட்டினாலும் நிலமே நடுங்கினாலும் தன் வடிவம் மாறாதது. எந்த வேலையும் இல்லாதது. நிற்பதும் அழகாக இருப்பதுமே அதன் காரியம். தலைவனின் பார்வையில் தலைவி அந்தப் பாவையைப் போன்றவள். குறுந்தொகை 100இல் கபிலரும் தலைவியை ஓரியின் கொல்லிப் பாவைக்கே ஒப்பிடுகிறார். அசையாத பெண், பார்க்கப்படுகிற பெண். தனிநாள் எழுத்து அமைதிக்குத் தேடுகிற படிமத்தின் மூதாதை இதுதான் என்று தோன்றும்.

ஆனால் குறுந்தொகை 89ஐப் பாருங்கள். அதுவும் பரணர்தான், அதுவும் கொல்லிப்பாவைதான். இங்கே தலைவி உரலில் தானியம் குத்துகிறாள். குத்தும்போது வள்ளைப்பாட்டுப் பாடுகிறாள், அதில் அவனைப் பற்றிப் பாடுகிறாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அதைக் கேட்டு அலர் தூற்றுகிறார்கள். இந்த அறிவில்லாத ஊருக்காக வருந்தி என்ன பயன் என்கிறாள் தோழி. அந்தக் குத்துகிற பெண்ணைத்தான் தெய்வம் எழுதிய கொல்லிப்பாவை போன்றவள் என்கிறது பாட்டு.

உரையாசிரியர்களுக்கு இது உவமை, அழகு, மேலே போகலாம். மரபான வாசிப்பில் உலக்கை வெறும் பின்னணி. உலக்கையை முன்னுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகிறது? அவளுக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே தனிமை, உலக்கை எழுந்து விழும் இடைவெளியில் பாடுகிற பாட்டு. கை அவளுடையது இல்லை, அது வேலையுடையது. குரல் மட்டும்தான் அவளுடையது. அந்தக் குரலையும் சுவருக்கு அந்தப்பக்கம் காதுகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. தனக்குத்தானே மகிழ்கிற பெண் உடனடியாக ஊருக்குச் செய்தியாகிவிடுகிறாள். தனியாக ஒரு நாளைக் கழித்த பெண்ணைப் பார்த்து, "என்ன, வீட்டுல யாரும் இல்லையா?" என்று மதிலுக்கு மேலே எட்டிக் கேட்கிற குரலில் இன்னும் அந்த அலர் இருக்கிறது. ஆணைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. கேட்டாலும் அதில் சந்தேகம் இருக்காது.

இன்னொன்று. குறிஞ்சித் திணையில் பெண்ணுக்கு வெளி என்பது தினைப்புனம். பரண்மேல் இருந்து தோழியோடு கிளி ஓட்டுகிறாள். அதுவும் வேலைதான், ஆனால் வானமும் அருவியும் கண்ணுக்கு எட்டுகிற வேலை, யாரும் அருகில் இல்லாத வேலை. வேங்கை பூத்துத் தினை முற்றி அறுவடை ஆனதும் அவளை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். இலக்கணம் அதற்கு வைத்த பெயர் இற்செறிப்பு. வேலை முடிந்தது, ஆகவே சுதந்திரமும் முடிந்தது. முல்லையிலோ, இருத்தல்தான் உரிப்பொருள். ஆனால் அந்த இருத்தல் அவன் வரும்வரை காத்திருத்தல். ஆக, நம் அகமரபில் பெண் வீட்டில் தனியாக இருக்கிறாள் என்றால், ஒன்று அடைத்து வைக்கப்பட்டிருக்கிறாள் அல்லது யாருக்காகவோ காத்திருக்கிறாள். தனக்காக இருக்கும் இருத்தலுக்குத் திணை இல்லை.

ஓய்வு கொடுத்துவிட்டால் போதும் என்கிற நல்லெண்ணத்துக்கு இந்தப் புனம் ஓர் எச்சரிக்கை. இருக்க விடுவது வேறு, இருத்தி வைப்பது வேறு. அந்த நாளைத் தேர்ந்துகொண்டவர் யார், கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி 17, 18 தேதிகளில் அரசு விழா எடுக்கிறது. மலையமான் திருமுடிக்காரியிடம் உயிரையும், சேரனிடம் மலையையும் இழந்த அந்த வில்லாளியை நினைவுகூர்வதில் தப்பில்லை. வில்லுக்குச் சிலை உண்டு, பாவைக்குக் கோயில் உண்டு, உலக்கைக்கு ஒன்றும் இல்லை.

4

உலக்கை சங்க காலத்தோடு போய்விட்டதா? கொல்லிமலையின் மலையாளி பழங்குடி மக்கள் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு என்று சிறுதானியங்களை விளைவித்து உண்டவர்கள். கடந்த சில பத்தாண்டுகளில் அந்தப் பரப்பு வேகமாகச் சுருங்கி, மரவள்ளி ஏறியது. இந்தப் பக்கத்துப் பேச்சில் குச்சிக்கிழங்கு. அது கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. மிளகும் காப்பியும் சந்தைக்குப் போகின்றன. சோற்றுக்கு ரேஷன் அரிசி.

இதைச் சூழலியல் நண்பர்கள் ஒரு வீழ்ச்சிக் கதையாகச் சொல்கிறார்கள்: மரபு அழிந்தது, விதை அழிந்தது, சந்தை விழுங்கியது. அதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் ஒரு காரணத்தை அந்தக் கதை சத்தமில்லாமல் தாண்டிப் போகிறது. சாமையை உண்ணும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் காயவைத்து, உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்த வேண்டும். சின்னஞ்சிறு மணி, கெட்டியான உமி. குத்தியவர்கள் பெண்கள். 1990களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியங்களுக்காக வேலை செய்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், இந்த உடலுழைப்பு சிறுதானியம் கைவிடப்பட்டதற்கான காரணங்களில் ஒன்று என்று கண்டு, ஊர்களில் உமி நீக்கும் சிறு இயந்திரங்களை மகளிர் குழுக்களிடம் கொடுத்தது. விதையைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் தோளைக் காப்பாற்ற வேண்டும் என்பதை அந்த இயந்திரம் ஒத்துக்கொண்டது.

இதன் பொருள் என்ன? சாமையின் 'வீழ்ச்சி' என்று நாம் எழுதுவதற்குள், பெண்கள் உலக்கையைக் கீழே வைத்த ஒரு செயலும் இருக்கிறது. யாரும் அறிக்கை விடவில்லை, ஊர்வலம் போகவில்லை. ரேஷன் அரிசி வந்தது; "இனிமே யாரு குத்தறது?" என்ற கேள்வி வந்தது. வரலாற்றில் பெண்களின் மறுப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, மறுப்பு என்று பெயர் சூட்டிக்கொள்ளாமல். அந்த மறுப்பில் கிடைத்த நேரம் அவளுக்கே கிடைத்துவிட்டது என்றும் நான் வாதாடவில்லை. அதில் கொஞ்சம் மரவள்ளிக் காட்டுக்குப் போயிருக்கும், கொஞ்சம் கூலிக்குப் போயிருக்கும். ஆனால் உலக்கைக்குத் திரும்பிப் போ என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஐ.நா. 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. சமவெளி நகரங்களில் சாமைப் பொங்கல் ஒரு நாகரிகமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் தனியாக, தோட்டத்தைப் பார்த்தபடி, சாமைப் பொங்கல். தனிநாள் எழுத்தின் புதிய மெனு இது. மரபுக்குத் திரும்புவோம் என்ற கோஷத்தோடு அது மேஜைக்கு வருகிறது. யார் திரும்ப வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று கேட்டால், அவள் உரலுக்கு, நாம் தட்டுக்கு. இயந்திரத்தைச் சேர்க்காத எந்த மரபு மீட்பும் இன்னொருத்தியின் ஞாயிற்றுக்கிழமையைத் தின்பதுதான்.

5

அப்படியானால் தனிநாள் எழுத்தை ஒழித்துவிடலாமா? இங்கேதான் தோழர்களோடு எனக்குத் தகராறு. களத்தில் இருப்பவர்கள் ஓய்வை ஒரு குற்றம்போலப் பார்க்கப் பழகியிருக்கிறோம். ஒரு நாள் கூட்டத்துக்குப் போகாமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று சொல்லக் கூசுகிறோம். எட்டு மணிநேர வேலை என்ற கோரிக்கைக்குள்ளேயே வேலையற்ற எட்டு மணிநேரமும் இருந்தது என்பதை மறந்துவிட்டோம். 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியபோது உயர்ந்த கொடியில் அந்த மணிநேரங்களும் இருந்தன. மார்க்ஸின் மருமகன் பால் லஃபார்க், 1880இல் 'சோம்பலுக்கான உரிமை' என்றே எழுதினார். நாளைக்கு மூன்று மணிநேரம் வேலை போதும், இயந்திரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் வாதம். தொழிலாளி வேலையைக் காதலிப்பதை அவர் ஒரு நோயாகப் பார்த்தார். ஆலைக்கு வெளியே, வீட்டுக்குள் நடக்கும் வேலையை அந்தக் கணக்கு எட்டவில்லை என்பது அதன் குறை. அந்த உரிமையை உலக்கை வரைக்கும் நீட்டிக்க வேண்டியது நம் வேலை.

ஆகவே என் கோரிக்கை எளிமையானது. தனிநாள் எழுத்து வரட்டும், நிறைய வரட்டும், கணக்கோடு வரட்டும். இதற்கு முன்மாதிரி அந்த வகை எழுத்தின் ஆதிப் பிரதியிலேயே இருக்கிறது. தோரோ 1845 ஜூலையில் வால்டன் குளக்கரையில் ஒரு குடிசைக்குக் குடிபோனார். இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள் இருந்தார். இரண்டரை ஏக்கரில் பீன்ஸ் போட்டார். 1854இல் வந்த 'வால்டன்' நூலில், வீடு கட்ட ஆன செலவை 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று ஆணி விலை உட்படக் கணக்கு எழுதியிருக்கிறார். தனிமைக்கு என்ன விலை என்று பட்டியல் போட்ட நேர்மை அது. நம் தனிநாள் எழுத்தாளர்கள் ஒருவரும் காப்பிப் பொடி விலையைக்கூடச் சொன்னதில்லை.

ஆனால் அந்தப் பட்டியலில் ஓர் ஓட்டை. நிலம் நண்பர் எமர்சனுடையது. அதற்கு வாடகை இல்லை. இன்னொன்றை தோரோவே சொல்லிவிடுகிறார்: துணி துவைத்ததும் கிழிசல் தைத்ததும் பெரும்பாலும் வெளியே நடந்தன, அதற்கான பில் இன்னும் வந்து சேரவில்லை என்கிறார். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற தனிமையில் சலவைக் கணக்கு நிலுவையில் நிற்கிறது. துவைத்த கைகளுக்குப் பெயரும் இல்லை.

தமிழ்நாட்டில் அந்த பில்லின் ஒரு சின்னத் தவணை 2023 செப்டம்பரில் வந்தது என்று சொல்லலாம். மகளிர் உரிமைத் தொகை, தொடங்கியபோது மாதம் 1000 ரூபாய். அதற்கு உதவி என்று பெயர் வைக்காமல் உரிமை என்று வைத்தது முக்கியமான சொல் அரசியல். அந்த 289 நிமிடத்தை முப்பது நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 144 மணிநேரம். மணிக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை. வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதும் பெண்ணுக்கு வருஷத்துக்கு ஐந்நூறு பவுண்டும், பூட்டுப் போடக்கூடிய ஓர் அறையும் கேட்டார். நாம் அறைக்கும் பணத்துக்கும் மேலே ஒரு நாளைக் கேட்க வேண்டியிருக்கிறது. எழுதுவதற்காக என்றுகூடச் சொல்லவேண்டாம். ஒன்றுக்கும் இல்லாமல், வெயிலில் உட்கார்ந்து கீரைப் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு.

அந்த நாள் செம்மேட்டில் யாருக்கு வாய்க்கிறது என்பதுதான் அளவுகோல். மலை ஏறி வந்து தங்குகிறவருக்கு அது வாய்க்கிறது. அவர் தட்டைக் கழுவுகிறவளுக்கும், அவர் சாப்பிட்ட சாமையை விளைத்தவளுக்கும் தன் வீட்டு வாசலில், தன் பலாமரத்தடியில், யாரும் எட்டிப் பார்த்து என்ன என்று கேட்காமல் அது வாய்க்கும்போது, தனிநாள் எழுத்தைச் சொகுசு என்று திட்டவும் வேண்டாம், மௌனம் என்று கும்பிடவும் வேண்டாம். அதுவரை, வீட்டில் யாரும் இல்லை என்று தொடங்கும் ஒவ்வொரு பிரதியிடமும் விமர்சகர் கேட்கவேண்டியது ஒன்றுதான்: மாவு யார் அரைத்தது?